கம்ப்யூட்டர் ரூமில் அடித்த மணி

கம்ப்யூட்டர் லேபைத் தையல் டீச்சர் தலையில் கட்டியதற்குத் தலைமையாசிரியர் சொன்ன காரணம் ஒன்றே ஒன்றுதான்.

"மெஷின் பழக்கம் உள்ளவங்களைப் பொறுப்பாப் போடணும்னு ஆர்டர்ல இருக்கு. இந்த ஸ்கூல்ல மெஷின் ஓட்டுறவங்க உங்களைத் தவிர வேற யாரு இருக்காங்க டீச்சர்?"

தையல் மெஷினும் மெஷின்தான், இதை எப்படி மறுப்பது? ஆசிரியர்கள் அறையில் இருந்த மற்றவர்கள் அந்த நேரம் பார்த்து விடைத்தாள் கட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். கணக்கு சார் மட்டும் நிமிர்ந்து, "ரொம்பப் பொருத்தமான ஆளு சார்" என்றார். தன் தலை தப்பிய சந்தோஷம் அவர் குரலில் பச்சையாகத் தெரிந்தது.

அவளுக்கும் கம்ப்யூட்டருக்கும் அதுவரை இருந்த உறவு, வெளியூரில் இருக்கும் மகள் வீடியோ காலில் வந்தால் பச்சைப் பொத்தானை அமுக்குவதோடு சரி. ஆனால் ஒரு வேலையை எடுத்துக்கொண்டால் பாதியில் கைகழுவுகிற ரகம் இல்லை அவள். பழைய பெஞ்சும் உடைந்த கரும்பலகையும் அடைத்துக் கிடந்த கடைசி அறையை எட்டாம் வகுப்பை வைத்துக் காலி செய்தாள். சுவரில் சுண்ணாம்பு அடித்தாள். பெட்டிகள் வந்து இறங்கியபோது உள்ளே மெஷின்கள் கொஞ்சமாகவும் ஒயர்கள் மலை மலையாகவும் இருந்தன. எது எதில் போகிறது என்று புரியாமல் தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் முழித்தாள். பிறகு பையிலிருந்து நூல்கண்டுகளை எடுத்தாள். முதல் மெஷினுக்குச் சேர்ந்த ஒயர் எல்லாவற்றிலும் சிவப்பு நூல், இரண்டாவதற்குப் பச்சை, மூன்றாவதற்கு மஞ்சள் என்று முனைக்கு முனை கட்டிவிட்டாள். பொருத்த வந்த கம்பெனிப் பையன், "இது என்ன மேடம், மந்திரிச்சுக் கட்டுனதா?" என்று சிரித்தான். அன்று சாயங்காலமே ஒரு மெஷின் மக்கர் செய்தபோது, எந்த ஒயர் கழன்றிருக்கிறது என்று நீல நூலைப் பிடித்துக்கொண்டே போய்க் கண்டுபிடித்ததும் அவன்தான்.

பழைய திரைச்சீலைகளை வெட்டி எல்லா மெஷினுக்கும் உறை தைத்துப் போட்டாள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கம்ப்யூட்டர் புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்தாள். பஸ் கண்டக்டரான அவள் வீட்டுக்காரர், "பரீட்சைக்குப் படிக்கிற காலத்துல இப்படிப் படிச்சிருந்தா நீ கலெக்டர் ஆகியிருப்பே" என்று கிண்டல் செய்தார். அவள் காதில் வாங்கவில்லை.

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, ஏசி வந்து சேரும் வரைக்கும்.

மற்ற மெஷின்களை எல்லாம் கட்டி மேய்க்கிற பெரிய மெஷின் ஒன்று மூலையில் இருந்தது. அது சூடாகிவிடக்கூடாது என்று லேபுக்கு ஒரு ஏசி கொடுத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் வேறு எங்கும் ஏசி கிடையாது. வகுப்புகளுக்கெல்லாம் தகரக் கூரை. ஆசிரியர்கள் அறையில் ஒரு மின்விசிறி சுற்றும், அதுவும் சுற்றுகிறதா யோசிக்கிறதா என்று தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில் ஜில்லென்று ஒரு அறை இருந்தால் என்ன ஆகும்?

முதலில் வந்தது வரலாற்று சார். "எப்படித்தான் இருக்குன்னு பார்க்கலாமேன்னு வந்தேன்" என்றார். பார்த்தார். மறுநாள் விடைத்தாள் கட்டோடு வந்தார். அதற்கு மறுநாள் கணக்கு சாரும் டிரில் மாஸ்டரும் ஆளுக்கொரு நாற்காலியோடு வந்தார்கள். அந்த வாரக் கடைசியில் தலைமையாசிரியரே வந்து, "முக்கியமான கோப்பெல்லாம் அமைதியா உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கு" என்று ஜன்னலோரம் டேரா போட்டுவிட்டார். கோப்பு என்னவோ மடியில் இருந்தது. கண்தான் மூடியிருந்தது.

பிள்ளைகளை அழைத்துக்கொண்டு டீச்சர் வந்தால், தலைமையாசிரியர் ஒற்றைக் கண்ணைத் திறப்பார்.

"இப்பவா டீச்சர்? இங்க ஸ்டாஃப் மீட்டிங் நடக்குதே."

"பிள்ளைங்களுக்கு இந்தப் பீரியடுதான் சார் கொடுத்திருக்கு."

"கிளாஸ்லயே போர்டுல வரைஞ்சு சொல்லிக் கொடுங்க. பிள்ளைங்க கை பட்டா மெஷின் பழசாயிடும். ஆபீசர் வந்து பார்க்கும்போது புதுசு மாதிரி பளபளன்னு இருக்க வேணாமா?"

சிக்கல் இங்கேதான் இருந்தது. ஆர்டரை அவள் முழுசாகப் படித்திருந்தாள். இந்தப் பருவம் முடிவதற்குள் ஆபீசர் ஒருநாள் சொல்லாமல் வருவார். மெஷின் பளபளக்கிறதா என்று பார்க்க மாட்டார், பிள்ளைகளை உட்கார வைத்து இயக்கச் சொல்லுவார். தெரியவில்லை என்றால் லேப் பயன்படவில்லை என்று எழுதிவிட்டு, அத்தனை மெஷினையும் வண்டியில் ஏற்றி வேறு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுவார். இதைச் சொன்னால் தலைமையாசிரியர், "அதெல்லாம் சும்மா மிரட்டுறதுக்கு எழுதுறது" என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

ஆக, எட்டாம் வகுப்பு தகரக் கூரையின் கீழே உட்கார்ந்து கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டது. ஆளுக்கொரு அட்டையில் கீபோர்டு வரைந்துகொண்டார்கள். "விரலை வைங்க. அடிங்க" என்று டீச்சர் சொன்னால் அத்தனை பேரும் அட்டையைத் தட்டுவார்கள். வியர்வை சொட்டி எழுத்துகள் அழிந்துபோகும். அந்த வகுப்பில் வாயாடி என்று பெயரெடுத்த ஒரு பெண் இருந்தாள். ஒருநாள் அவள் எழுந்து, "டீச்சர், என் கீபோர்டு தண்ணில நனைஞ்சு ரிப்பேர் ஆயிடுச்சு" என்றாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சரும் சிரித்தாள். சிரித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தபோது அவளுக்கு அழுகைதான் வந்தது. தன் கையால் சுத்தம் செய்து, நூல் கட்டி, உறை தைத்துப் போட்ட அறையில் பெரியவர்கள் குறட்டை விட, பிள்ளைகள் அட்டையைத் தட்டுகிறார்களே என்று ஆத்திரமாக இருந்தது.

நேருக்கு நேர் மோதினால் வேலைக்கு ஆகாது. குளிருக்காகத்தானே வருகிறார்கள், அந்தக் குளிராலேயே விரட்டிவிட்டால் என்ன என்று ஒரு யோசனை தோன்றியது. ஏசியைப் பதினாறு டிகிரியில் வைத்து, ரிமோட்டைத் தன் அலமாரியில் பூட்டி வைத்துக்கொண்டாள். "பெரிய மெஷினுக்கு இந்தக் குளிர் வேணுமாம்" என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு சொன்னாள்.

மறுநாள் வரலாற்று சார் ஸ்வெட்டரோடு வந்தார். கணக்கு சார் மங்கி குல்லா போட்டு வந்தார். தலைமையாசிரியர் அருமையான பழுப்பு நிறக் கம்பளிச் சால்வை ஒன்றைக் கொண்டு வந்து கழுத்து வரை போர்த்திக்கொண்டார். குளிரில் போர்த்திக்கொண்டு தூங்குகிற சுகத்தை அவர்களுக்கு அவளே காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிற்று. குறட்டை ஒரு கட்டை கூடியது. நடுவில் போய் மெஷின்களைத் துடைத்து வந்த அவளுக்குத்தான் ஜலதோஷம் பிடித்தது.

அன்று ராத்திரி தும்மிக்கொண்டே வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

"அவங்களை எழுப்பவே முடியலங்க. தட்டி எழுப்ப நான் யாரு?"

அவர் தன் விசிலை மேசையில் வைத்தபடி சிரித்தார். "எங்க டிரைவர் ஒருத்தர் இருக்காரு. டிப்போவுல பெஞ்சுல படுத்துக் குறட்டை விடுவாரு. கத்தினாலும் எழமாட்டாரு, உலுக்கினாலும் எழமாட்டாரு. பக்கத்துல போய் ரெண்டு விசில் அடிச்சா போதும், கண்ணைத் திறக்காமலே கையால கியரைத் தேடுவாரு. அத்தனை வருஷப் பழக்கம். அந்தந்த ஆளுக்கு அந்தந்தச் சத்தம் இருக்கு, தெரிஞ்சுக்கோ."

அவள் தும்மலை நிறுத்தி அவரையே பார்த்தாள்.

பள்ளிக்கூட முற்றத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்குகிறது. அதுதான் மணி. அதைச் சுத்தியலால் அடிப்பவரை எல்லாரும் மணிக்காரர் என்றே கூப்பிடுவார்கள். அவர் அடிப்பதில் ஒரு தாளம் உண்டு. முதலில் நிதானமாக இரண்டு, பிறகு மூச்சுவிடாமல் ஒரு கொத்து, கடைசியில் மனசில்லாமல் ஒன்று. அந்தச் சத்தம் கேட்டால் போதும், ஆசிரியர்கள் வாயில் இருக்கும் பேச்சையும் கையில் இருக்கும் டீயையும் அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். கடிகாரத்தை எவரும் பார்ப்பதே இல்லை.

சனிக்கிழமை, ஆசிரியர்கள் எவரும் லேபில் இல்லாத நேரம், டீச்சர் எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்தினாள். பாடத்தின் தலைப்பு ஒலிப்பதிவு. பாடத்திட்டத்திலேயே இருக்கிற தலைப்புதான், ஒருவரும் குறை சொல்ல முடியாது. வாயாடி மைக்கை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடிக்க, மணிக்காரர் அடித்த மணி அச்சு அசலாகப் பெரிய மெஷினுக்குள் இறங்கியது. குறிப்பிட்ட நேரத்தில் தானாகவே ஒலிக்கிற மாதிரி வைப்பது எப்படி என்பது அடுத்த பாடம். ஸ்பீக்கர் ஜன்னல் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. எதற்காக இதெல்லாம் என்று டீச்சர் வாயைத் திறந்து சொல்லவில்லை. எட்டாம் வகுப்பு கேட்கவும் இல்லை. சில விஷயங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே புரிந்துவிடும்.

திங்கட்கிழமை மதியம். லேபுக்குள் நான்கு பேரும் நல்ல தூக்கத்தில் இருந்தார்கள். திரைக்குப் பின்னாலிருந்து நிதானமாக இரண்டு, ஒரு கொத்து, மனசில்லாமல் ஒன்று.

வரலாற்று சார் எழுந்தார். கண் பாதி மூடியிருக்க, கை தானாகச் சாக்பீஸைத் தேடியது. கணக்கு சார் குல்லாவைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு நடந்தார். டிரில் மாஸ்டர் நின்ற இடத்திலேயே ஒருமுறை விறைத்து நின்றுவிட்டுக் கிளம்பினார். தலைமையாசிரியர் சால்வையை நாற்காலியில் போட்டுவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ரவுண்ட்ஸ் போனார். தூணுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த எட்டாம் வகுப்பு, அவர்கள் கடைசித் தூணைத் தாண்டியதும் பூனை மாதிரி உள்ளே நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டது.

அந்தப் பக்கம் என்ன நடந்தது தெரியுமா? வரலாற்று சார் தன் வகுப்புக்குப் போனால் அங்கே அறிவியல் டீச்சர் பாதிப் பாடத்தில் நின்றுகொண்டிருந்தார். "என்ன சார், அதுக்குள்ளயா?" என்று அவர் கேட்க, வரலாற்று சார் கடிகாரத்தைப் பார்த்து அசடு வழிந்துவிட்டு, "சும்மா, பசங்க ஒழுங்கா இருக்காங்களான்னு பார்க்க வந்தேன்" என்று திரும்பினார். ஒவ்வொருவருக்கும் இதே கதைதான். தூக்கக் கலக்கத்தில் தனக்கு மட்டும்தான் மணி கேட்டது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். தூங்கினேன் என்று சொல்ல ஆளில்லாததால் மணி கேட்டது என்று சொல்லவும் ஆளில்லை. திரும்பி வந்து பார்த்தால் லேபுக்குள் பாடம் மும்முரமாக நடந்துகொண்டிருக்கும். நடக்கிற வகுப்பைக் கலைக்க எந்த ஆசிரியருக்குத்தான் மனசு வரும்?

இப்படியே சில வாரங்கள் ஓடின. பிள்ளைகள் அட்டையில் பழகிய விரலை நிஜக் கீபோர்டில் வைத்ததும் சரசரவென்று எழுத்துகள் ஓடின. டீச்சருக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் எவ்வளவு நாளைக்கு? ஒருநாள் கணக்கு சாரும் வரலாற்று சாரும் ஒரே வகுப்பு வாசலில் முட்டிக்கொண்டார்கள்.

"உங்களுக்கும் மணி கேட்டுச்சா?"

"அப்ப உங்களுக்கும்?"

இரண்டு பேரும் நேராகத் தலைமையாசிரியரிடம் போனார்கள். மூவரும் கூடி யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். மணிக்காரருக்கு வயசாகிவிட்டது, கண்ட நேரத்தில் அடிக்கிறார். தலைமையாசிரியர் அவரைக் கூப்பிட்டுப் பத்துப் பேர் பார்க்கத் திட்டினார். "சுத்தியலைக் கொடுங்க. இனிமே மணியை நானே அடிச்சுக்கிறேன்" என்று வாங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

தையல் டீச்சர் அதைத் தாழ்வாரத்தில் நின்று பார்த்தாள். ஒருநாளும் ஒரு நிமிஷம் தவறாமல் அடித்தவர், வெறும் கையோடு தண்டவாளத்துக்குக் கீழே போய் உட்கார்ந்தார். விளையாட்டு வினையாகிப்போனது அவளுக்கு நெஞ்சில் அறைந்த மாதிரி இருந்தது. லேபுக்கு ஓடினாள். "அந்தச் சத்தத்தை அழிச்சிடு. இன்னிக்கோட முடிஞ்சுது" என்று வாயாடியிடம் சொன்னாள். பிறகு மணிக்காரரிடம் போனாள்.

"அண்ணே, உங்க மேல தப்பில்ல. தப்பு என்னோடது" என்று ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அவர் எல்லாவற்றையும் கேட்டார். "என் மணியையா?" என்று மட்டும் கேட்டார். பிறகு எழுந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விட்டார். அதற்குப் பிறகு அவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தலைமையாசிரியரிடம் போய்ச் சொல்லிவிடுவது என்று அவள் தினமும் காலையில் தீர்மானித்தாள். சொன்னால் லேபும் போகும், வேலையும் ஆட்டம் காணும். நாளைக்குச் சொல்லலாம் என்று தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் போனாள். தன் மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

தலைமையாசிரியர் மணியடித்த லட்சணம் வேறு. அவர்தான் லேபில் தூங்குகிறாரே, எங்கே அடிப்பது? முதல் பீரியடு மதியம் வரை நீளும். சில நாள் இரண்டாவது பீரியடே வராது. எட்டாம் வகுப்பு மறுபடி தகரத்தின் கீழே அட்டையைத் தட்டியது.

அப்படித் தட்டிக்கொண்டிருந்த ஒரு மதியம், அத்தனை நாள் முகம் கொடுக்காத மணிக்காரரே வாசலில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"டீச்சர், ஆபீசர் வந்துட்டாரு! சாரோட ரூம்ல உட்கார்ந்திருக்காரு. சார் ரவுண்ட்ஸ் போயிருக்காருன்னு சொல்லி ஒரு டம்ளர் தண்ணி கொடுத்துட்டு ஓடி வர்றேன்."

"சார் எங்க?"

"எங்க இருப்பாரு? சால்வைக்குள்ளதான்."

ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அடுத்து ஆபீசர் நேராக லேபுக்குத்தான் வருவார். கதவைத் திறந்தால் உள்ளே நான்கு பேர் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள். பிள்ளைகள் இங்கே வியர்த்துக் கொட்டிக்கொண்டு அட்டையைத் தட்டுவார்கள். இதைவிட அழகாக ஒரு லேபைப் பறிகொடுக்க முடியுமா?

"அண்ணே, மணியடிங்க!"

"சுத்தியல் சார் பையில இருக்கே."

அவள் தன் பையைத் தரையில் கவிழ்த்தாள். நூல்கண்டு, அளவு நாடா, ஊசிப் பெட்டி எல்லாம் உருண்டன. துணி வெட்டுகிற பெரிய இரும்புக் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். தண்டவாளத்தின் முன்னால் போய் ஓங்கினாள்.

"இப்படிக் கொடுங்க" என்று மணிக்காரர் பின்னாலேயே வந்து கையை நீட்டினார். "உங்களுக்கு அது வராது."

கத்திரிக்கோலை ஒருமுறை கையில் எடை பார்த்தார். நிதானமாக இரண்டு. மூச்சுவிடாமல் ஒரு கொத்து. கடைசியில் ஒன்று அடித்தாரே, அது மட்டும் அன்றைக்கு நல்ல மனசோடு விழுந்தது.

லேப் கதவு திறந்தது. வரலாற்று சார் சாக்பீஸைத் தேடியபடி வந்தார். கணக்கு சார், டிரில் மாஸ்டர், கடைசியில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தலைமையாசிரியர். அவர்கள் இந்தப் பக்கத் தாழ்வாரத்தில் போக, எட்டாம் வகுப்பு அந்தப் பக்கத் தாழ்வாரத்தில் வரிசையாக லேபுக்குள் போனது. தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு வெளியே வந்த ஆபீசர் இரண்டு வரிசையையும் பார்த்து அசந்து நின்றார்.

"மணி அடிச்ச நிமிஷத்துல இப்படி நகர்ற பள்ளிக்கூடத்தை நான் பார்த்ததில்ல சார். நீங்க நேர்லயே ரவுண்ட்ஸ் போறீங்களே!"

தலைமையாசிரியருக்குத் தூக்கம் முழுசாகத் தெளிந்தது அப்போதுதான். "வழக்கம்தான்" என்று சமாளித்தார்.

லேபுக்குள் நுழைந்ததும் ஆபீசருக்குப் பல் கிட்டிவிட்டது. "என்ன டீச்சர் இது, இவ்வளவு குளிர்?"

அவர் கண் நாற்காலியில் கிடந்த பழுப்பு நிறச் சால்வை மேல் விழுந்தது. "இது யாரோடது?"

தலைமையாசிரியர் வாயைத் திறந்தார். திறந்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல் மூடிக்கொண்டார்.

"வர்றவங்களுக்குக் குளிருமேன்னு லேபுக்குன்னு வாங்கி வெச்சிருக்கோம் சார்" என்றாள் டீச்சர்.

"நல்ல ஏற்பாடு" என்று ஆபீசர் அதை எடுத்துப் போர்த்திக்கொண்டார்.

பிறகு பிள்ளைகளைச் சோதித்தார். தட்டச்சு செய்யச் சொன்னார், செய்தார்கள். படம் வரையச் சொன்னார், வரைந்தார்கள். ஒரு மெஷின் இருண்டுபோனபோது டீச்சர் எழுந்திருப்பதற்குள் ஒரு பெண் மஞ்சள் நூலைப் பிடித்துக்கொண்டே மேசைக்கடியில் போய் ஒயரைச் சரி செய்துவிட்டு வந்தாள். ஆபீசர் வாய்விட்டுப் பாராட்டினார். எல்லாம் முடிந்தது, தப்பித்தோம் என்று டீச்சர் மூச்சு விட்ட நேரத்தில் அவர் பெரிய மெஷின் பக்கம் திரும்பினார்.

"வேற என்ன கத்துக்கிட்டீங்க?"

அங்கே உட்கார்ந்திருந்தது வாயாடி. "ஒலிப்பதிவு சார்!" என்று எழுந்தாள். டீச்சர் கண்ணைக் காட்டினாள், தலையை ஆட்டினாள், இருமியும் பார்த்தாள். வாயாடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழித்துவிடு என்று சொன்ன சத்தத்தை, அழிக்க மனசு வராமல், 'கணக்குப் பாடம்' என்று பெயர் மாற்றி வைத்திருந்தாள். கணக்குப் பாடத்தை யார் திறந்து பார்க்கப்போகிறார்கள்?

திரைக்குப் பின்னாலிருந்து மணியடித்தது.

ஆபீசர் பக்கத்தில் நிற்கும்போதே தலைமையாசிரியர் திரும்பி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கதவை நோக்கி நடந்தார். பாதி வழியில் நின்றார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். சுத்தியல் அங்கேதான் இருந்தது. ஜன்னல் திரையைப் பார்த்தார், பிறகு தையல் டீச்சரைப் பார்த்தார். குட்டு உடைந்துபோனது அவளுக்குத் தெரிந்தது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆபீசர் கைதட்டிச் சிரித்தார். "உங்க ஸ்கூல் மணியையே பதிவு பண்ணியிருக்காங்களே! பார்த்தீங்களா, நீங்களே ஏமாந்துட்டீங்க!"

"ஆமா சார்" என்றார் தலைமையாசிரியர். "கொஞ்ச நாளாவே."

லேப் இங்கேயே இருக்கட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆபீசர் கிளம்பினார். வெளியே கொளுத்துகிற வெயிலிலும் சால்வையைக் கழற்ற மறந்துவிட்டார். அது வண்டியில் ஏறிப் போவதைத் தலைமையாசிரியர் வாசலில் நின்று கடைசி வரை பார்த்தார். என்னுடையது என்று சொல்ல அவருக்கு வழியில்லை.

அவர் அறையில் டீச்சர் போய் நின்றாள்.

"சார், அந்த மணி..."

"ஒண்ணும் சொல்லாதீங்க" என்று கையைக் காட்டினார். "நீங்க சொன்னா நான் விளக்கம் கேட்டு எழுதணும். எழுதினா, மணி கேட்டப்ப நான் எங்க இருந்தேன்னு நானும் எழுதணும்."

"மணிக்கார அண்ணனை நீங்க பத்துப் பேர் பார்க்கத் திட்டினீங்க சார். அதை மட்டும் சொல்லாம என்னால போக முடியாது."

அவர் எழுந்து முற்றத்துக்குப் போனார். ஆசிரியர்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்க, பையிலிருந்து சுத்தியலை எடுத்து மணிக்காரர் கையில் கொடுத்தார்.

"நீங்க சரியாத்தான் அடிச்சிருக்கீங்க."

"நான் எப்பவும் சரியாத்தான் சார் அடிக்கிறேன்" என்றார் மணிக்காரர். டீச்சரிடம் கத்திரிக்கோலைத் திருப்பிக் கொடுத்தபோது அதன் முனை மழுங்கியிருந்தது. "சாணை பிடிச்சுத் தர்றேன்" என்று சொல்லிவிட்டு அவரே திரும்ப வாங்கிக்கொண்டார். அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு லேபுக்குள் பெரியவர்கள் தலைகாட்டவில்லை. சாவி டீச்சரிடம் வந்தது. ஏசியைப் பிள்ளைகளுக்கு ஏற்ற மாதிரி வைத்துக்கொண்டாள்.

சில வாரங்கள் கழித்து ஒருநாள். எட்டாம் வகுப்புக்கு வரவு செலவுக் கணக்கைக் கட்டம் போட்டு எழுதுவது எப்படி என்று அவள் வெகு மும்முரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாடம் கொஞ்சம் போரடிக்கிற பாடம்தான். மணியடித்தது. நிதானமாக இரண்டு, ஒரு கொத்து, மனசில்லாமல் ஒன்று.

"சரி, மிச்சம் நாளைக்கு" என்று பையை எடுத்துக்கொண்டு தையல் அறைக்கு நடந்தாள். கதவைத் திறந்தாள், ஜன்னலைத் திறந்தாள், மெஷினில் நூலைக் கோர்த்தாள். ஆறாம் வகுப்பு வரவில்லை. முற்றத்தை எட்டிப் பார்த்தாள். மணிக்காரர் நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். சுத்தியல் பக்கத்தில் சும்மா கிடந்தது.

அவளுக்குக் காதெல்லாம் சூடானது. விறுவிறுவென்று லேபுக்குத் திரும்பினாள். மூடிய கதவுக்குப் பின்னால் கார்கள் சீறுகிற சத்தம் கேட்டது. யாரோ முட்டிக்கொண்டார்கள், யாரோ ஜெயித்தார்கள், அத்தனை பேரும் கூச்சல் போட்டார்கள். நடுவில் வாயாடியின் குரல், "மெதுவா! டீச்சர் இந்நேரம் ஊசியில நூல் கோர்த்திருப்பாங்க, வர இன்னும் நேரம் இருக்கு!"

தாழ்ப்பாளில் வைத்த கையை அவள் எடுத்துவிட்டாள். ஒரு காலத்தில் தூணுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற கூட்டம் இது. இப்போது சொந்த வீடு மாதிரி கதவைச் சாத்திக்கொண்டு கத்துகிறது. சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பிறகு முற்றத்துக்குப் போய் மணிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, தனக்கும் ஒரு டீ சொல்லச் சொன்னாள்.

"கிளாஸ் இல்லையா டீச்சர்?" என்று கேட்டார் அவர்.

"இருக்கு அண்ணே. நீங்க மணியடிங்க, போறேன்."